அமில மண்ணில் இறங்க மறுக்கும் மக்காச்சோள வேர்கள்: ஆலோசனை தேவை

வணக்கம். முப்பது நாள் மக்காச்சோளப் பயிரைப் பிடுங்கிப் பார்த்தபோது, வேர்கள் ஒரு சாண் ஆழத்திலேயே நின்று, நுனி தடித்துப் பழுப்பேறி, பக்கவேர்கள் அதிகம் இன்றி மொட்டையாக இருந்தன. இலை விளிம்புகளிலும் ஊதா நிறம் படர்ந்துள்ளது. மண் பரிசோதனையில் மேல்மண்ணின் பிஹெச் (அமிலநிலை அளவு; எண் குறையக் குறைய அமிலம் கூடும்) 5.6, ஓர் அடிக்குக் கீழே 4.7 என்று வந்தது.

இவ்வளவு அமிலத்தில் கரையும் அலுமினியம் வேர் நுனியைத் தாக்குவதோடு மணிச்சத்தையும் (பாஸ்பரஸ்) பிணைத்துக்கொள்ளும் என்பதால், மணிச்சத்து தரும் டிஏபி உரத்தை நான் கூட்டியும் பயனில்லாமல் போனதில் வியப்பில்லை (அவசரப்பட்டது என் தவறுதான்). அமிலத்தைப் போக்கும் சுண்ணாம்பு, இட்ட இடத்தை விட்டு எளிதில் கீழிறங்காது. ஜிப்சம் இறங்கி அலுமினியத்தின் நச்சைத் தணிக்கும், ஆனால் அமிலத்தன்மையைப் போக்காது. இந்நிலையில் இரண்டையும் சேர்த்து இடலாமா, அல்லது சுண்ணாம்பை ஆழ உழுது கலப்பதே சரியா? இவ்வாறு செய்து பார்த்தவர்கள், இட்ட அளவையும், எத்தனை பருவம் கழித்து வேர் கீழே இறங்கியது என்பதையும் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.