காய்ச்சல் வந்தால் எந்த வாசல்?

இழையைத் தொடங்குபவர் (ஹாட்ஜ்கின் லிம்போமா என்ற நிணநீர்ப் புற்றுநோய், அப்போது வயது 22)

அம்மா வாசலோடு நின்றுவிட்டதுதான் எனக்கு முதலில் நினைவுக்கு வருகிறது. 2020 மார்ச் 11, உலக சுகாதார நிறுவனம் கொரோனாவைப் பெருந்தொற்று என்று அறிவித்த நாள். அன்று எனக்கு மூன்றாவது கீமோ. மருந்து ஏற்றத் தோலுக்கடியில் பொருத்தியிருந்த போர்ட்டில் உப்புநீர் செலுத்தும்போது வாய்க்குள் ஒரு உலோகக் கசப்பு ஏறுமே, அதற்காகப் புதினா மிட்டாய் ஒன்றைப் பிரித்துக் கையில் தயாராக வைத்தபடி அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். 2 வாரம் கழித்து நான்காவது கீமோவுக்குப் போனபோது நோயாளிக்கு மட்டும்தான் அனுமதி. மிட்டாயை என் சட்டைப்பையில் போட்டுவிட்டு வெளியே நின்றுகொண்டாள். உள்ளே முகக்கவசத்தைக் கழற்றக் கூடாது என்றார்கள். மிட்டாய் பையிலேயே இளகிப்போனது.

எனக்குக் கொடுத்தது 4 மருந்துகள், 2 வாரத்துக்கு ஒருமுறை, மொத்தம் 12 தடவை. அதில் ஒன்று செக்கச்செவேலென்று இருக்கும். ஏற்றிய அன்று சிறுநீரும் சிவப்பாகப் போகும். துணைக்கு ஆள் இருந்தால் அதையும் கேலி பேசிச் சிரித்துவிடலாம். தனியாக இருந்தால் அது வெறும் சிவப்புத்தான்.

எட்டாவது கீமோ முடிந்து பத்தாவது நாள் இரவு உடம்பு சுட்டது. 38.3 டிகிரி செல்சியஸ். 38 தாண்டினால் உடனே புறப்பட்டு வரவேண்டும், வெள்ளையணுக்கள் குறைந்திருக்கும் நேரம், ஒரு மணி நேரத்துக்குள் ஆன்டிபயாட்டிக் ஏறவேண்டும் என்று முதல் நாளே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். போனோம். வாசலில் நெற்றிக்கு நேராகக் கருவியை நீட்டியவர், காய்ச்சல் என்றால் அந்த வாசல் என்று கையைக் காட்டினார். அந்த வாசலில் இருந்தவரோ, கீமோ எடுக்கிறவர் இந்தக் கொரோனாக் கூட்டத்துக்குள் வரவே கூடாது, அந்த வாசலுக்குப் போங்கள் என்றார். இரண்டு பேர் சொன்னதும் சரிதான். அதுதான் கொடுமை. இரண்டு வாசலுக்கும் நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் 3 மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். குளிரில் பல் கிட்டிக்கொண்டது. கடைசியில் யாரோ ஒரு டாக்டர் என் கோப்பைப் பார்த்துவிட்டு, அந்த நாற்காலியிலேயே ஊசி போட்டு மருந்தை ஏற்றச் சொன்னார். கொரோனா இல்லை என்று மறுநாள் முடிவு வந்தது. நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள்.

உடம்பு தேறிவிட்டது. ஆனால் அன்றிலிருந்து நான் வெப்பமானியோடு குடித்தனம் நடத்தத் தொடங்கினேன். காலையில் எழுந்ததும், பல் துலக்கிய பின், படுக்கப்போகுமுன், நடுவில் தோன்றும்போதெல்லாம். ஒரு நாள் எண்ணிப் பார்த்தேன், 14 தடவை. காய்ச்சலுக்குக்கூட இவ்வளவு பயமில்லை. அந்த நாற்காலிக்குத்தான் பயம்.

வாந்தி என்றால் மாத்திரை தந்தார்கள். வாய்ப்புண் என்றால் கொப்பளிக்கத் தண்ணீர் தந்தார்கள். தனியாக இருப்பது தாங்கவில்லை என்று மட்டும் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் அதுவே அவர்கள் எழுதிக் கொடுத்த மருந்து! வலிப்பதும் காப்பதும் ஒன்றாக இருக்கும்போது யார்மேல் கோபப்படுவது? இதை வேறு யாராவது பட்டிருக்கிறீர்களா? 15 முதல் 39 வயதுவரை எங்களை ஒரே கூட்டமாகத்தான் மருத்துவர்கள் பார்க்கிறார்கள். ஆனால் என் வயதில் இன்னொருவரை அந்த 5 மாதத்தில் நான் நேரில் பார்க்கவே இல்லை.


மறுமொழி 1 (ரத்தப்புற்றுநோய், அப்போது 17)

அண்ணா, நான் சொல்லப்போவது உங்களுக்கு நேர்மாறு. எனக்கு ஊரடங்கு பிடித்திருந்தது. இதைச் சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது.

பிப்ரவரியில் நோய் தெரிந்தது. முடி கொட்டி, ஸ்டீராய்டில் முகம் உப்பி, வகுப்புத் தோழிகள் எல்லாரும் போகும் இடத்துக்கு நான் மட்டும் போக முடியாமல் கிடக்கப்போகிறேன் என்று அழுதுகொண்டிருந்தேன். அடுத்த மாதமே உலகம் முழுவதும் வீட்டுக்குள் வந்துவிட்டது. எல்லாரும் கை கழுவினார்கள், எல்லாரும் முகத்தை மூடினார்கள். இணைய வகுப்பில் எல்லாரும் கேமராவை அணைத்துவிட்டுக் கறுப்புப் பெட்டியாக இருந்தார்கள். என் பெட்டிக்குள் மட்டும் மொட்டைத்தலை இருப்பது யாருக்கும் தெரியாது.

நீங்கள் தனிமை என்கிறீர்கள். என் பிரச்சினை கோபம். டெக்சாமெதசோன் என்ற அந்த ஸ்டீராய்டு ஓடும் நாட்களில் தூக்கம் கிடையாது. ஒரு சொல் போதும், வெடித்துவிடுவேன். வெளியே போய்விட்டு வந்த தம்பி கை கழுவாமல் என் அறைக் கதவைத் தொட்டான் என்று அவனைப் பார்த்துக் கத்தினேன் பாருங்கள், அவனுக்கு அப்போது 9 வயது. பிறகு பல வாரம் அவன் என் அறைப்பக்கமே வரவில்லை. அது மருந்து செய்கிற வேலை என்று டாக்டர் பிற்பாடு சொன்னார். முன்னாலேயே வீட்டில் எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லியிருக்கலாம்.

2020 ஜூன் 16 அன்று அப்பா செய்தியைப் பார்த்துவிட்டு ஓடி வந்தார்: “உன் மாத்திரை டிவியில் வருகிறது!” செயற்கை சுவாசத்தில் இருக்கும் கொரோனா நோயாளிகளின் இறப்பை டெக்சாமெதசோன் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைக்கிறது என்று பிரிட்டனில் நடந்த ரிகவரி ஆய்வு சொல்லியிருந்தது. அப்பாவுக்கு அப்படியொரு பெருமை, நானே கண்டுபிடித்ததுபோல. எனக்கு வந்த நினைப்பு வேறு: கடையில் தீர்ந்துபோனால்? அன்றிரவு பட்டையில் மிச்சமிருந்த மாத்திரைகளை எண்ணினேன். அடுத்த இரவும் எண்ணினேன்.

நான் உடைந்தது அதற்கெல்லாம் பிறகு. ஒவ்வொருவராக வெளியே போகத் தொடங்கினார்கள். எனக்கோ தினசரி மாத்திரையோடு பராமரிப்புச் சிகிச்சை மட்டுமே இன்னும் ஒன்றரை ஆண்டுக்கு மேல் இருந்தது. கீமோவில் இருப்பவர்களுக்குத் தடுப்பூசி மற்றவர்கள் அளவுக்கு எதிர்ப்பைத் தராமல் போகலாம், அதனால் ஜாக்கிரதை தொடரவேண்டும் என்றார்கள். வகுப்பில் முகக்கவசத்தோடு நான் ஒருத்திதான். “இன்னுமா?” என்று ஒரு தோழி கேட்டாள். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் எழவில்லை.


மறுமொழி 2 (நோயாளியின் அக்கா)

என் தம்பிக்கு எலும்புப் புற்றுநோய், அவனுக்கு 19. மெத்தோட்ரெக்சேட் என்ற கீமோ மருந்தை அதிக அளவில் ஏற்றுவார்கள். ஏற்றிய பின் ரத்தத்தில் அதன் அளவு பாதுகாப்பான அளவுக்கு இறங்கும்வரை வெளியே விடமாட்டார்கள்; நிறையத் தண்ணீர் ஏற்றி, ஒவ்வொரு தடவையும் பரிசோதனைத் தாளைச் சிறுநீரில் நனைத்துப் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். முன்னெல்லாம் நான் கூடவே இருப்பேன். 2020இல் அவன் தனியாக இருந்தான்.

வீடியோவில் அழைத்தால் எடுப்பான். பேசமாட்டான். எப்படி இருக்கிறாய் என்றால் அன்றைய மருந்து அளவை மட்டும் எண்ணாகச் சொல்வான். எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும். ஒரு நாள், “நீ பேசவேண்டாம், நானும் பேசவில்லை, அழைப்பை மட்டும் துண்டிக்காதே” என்றேன். தொலைபேசியைத் தலைமாட்டில் வைத்துவிட்டான். அன்று இரவு முழுவதும் மருந்து ஏற்றும் பம்பு சத்தம் என் காதில் கேட்டுக்கொண்டிருந்தது. மருந்து தீர்ந்தால் ஒரு மாதிரி கத்தும், குழாயில் அடைத்தால் வேறு மாதிரி. ஒரு வாரத்தில் எனக்குப் பழகிவிட்டது. “டேய், குழாய் மடங்கியிருக்கிறது, கையை நீட்டு” என்று நான் பாதித் தூக்கத்தில் சொன்னபோதுதான் அவன் பல நாட்களுக்குப் பிறகு சிரித்தான்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நான் வேலைக்குப் போய் வருகிறவள். கிருமி வந்தால் என் வழியாகத்தான் அவனுக்கு வரும். அவன் வீட்டிலிருந்த நாட்களில் நான் தட்டை எடுத்துக்கொண்டு மாடிப்படியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். அவனைக் காப்பதாக நினைத்தேன். “நான் அருவருப்பாக இருக்கிறேன் என்றுதானே தள்ளி உட்கார்ந்தாய்?” என்று ஓராண்டு கழித்துக் கேட்டான். எனக்குப் பதில் வரவில்லை. ஏன் தள்ளி உட்காருகிறேன் என்று வாயைத் திறந்து ஒரு தடவையாவது சொல்லியிருக்கவேண்டும்.


மறுமொழி 3 (அந்த ஆண்டுகளில் புற்றுநோய் வார்டில் நர்ஸ்)

நாற்காலியில் உட்காரவைக்கப்பட்ட தம்பிக்கு: உங்கள் கோபம் நியாயம். ஆன்டிபயாட்டிக்கை முதலில் ஏற்றிவிட்டுப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கலாம். எங்கள் இடத்தில் இதைப் புரிந்துகொள்ளவே சில மாதங்கள் ஆயின.

முழுக் கவசத்துக்குள் எங்கள் கண் மட்டுமே தெரியும். வேர்த்து வேர்த்து அந்தக் கண்ணாடியும் மங்கிவிடும். என் பெயரை நெஞ்சில் பெரிதாக எழுதிக்கொண்டு போவேன்.

எங்களிடம் மனச்சோர்வை அளக்க ஒரு படிவம் உண்டு, பிஎச்கியூ-9. 9 கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. தூக்கம் எப்படி, சோர்வு உண்டா, பசி உண்டா என்று கேட்கும். கீமோவில் இருக்கும் பிள்ளையிடம் இதைக் கேட்டால் என்ன சொல்லும்? எல்லாமே கெட்டுத்தான் இருக்கும். அது மருந்தா மனமா என்று மதிப்பெண்ணை வைத்து மட்டும் பிரிக்க முடியாது. அதனால் எல்லாவற்றையும் “கீமோதான்” என்று ஒதுக்கிவிடுவது எங்களுக்குப் பழக்கமாகிப்போனது. தவறான பழக்கம். முன்பு பிடித்த எதுவும் இப்போது பிடிக்கவில்லையா, நம்பிக்கையே அற்றுப்போனதா, எல்லாருக்கும் பாரமாகிவிட்டோம் என்று தோன்றுகிறதா: இவற்றைக் கீமோவின் கணக்கில் எழுதக் கூடாது.

ஒன்பதாவது கேள்வி, செத்துவிட்டால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா என்பது. படிவத்தைக் கையில் கொடுத்தால் பெரும்பாலும் 0 என்று வட்டமிட்டுத் தந்துவிடுவார்கள். நான் உட்கார்ந்து வாயால் கேட்பேன். கேட்டால் இல்லாத எண்ணத்தை விதைத்துவிடுவோம் என்று பயப்படுகிறவர்கள் உண்டு, அப்படி விதைப்பதில்லை. ஒரு பையன், “சாக ஆசை இல்லை சிஸ்டர். இப்படி இருக்கவும் ஆசை இல்லை” என்றான். மருந்து மாற்ற வேண்டிய மூன்று படுக்கைகள் காத்திருந்தன. காத்திருக்கட்டும் என்று உட்கார்ந்தேன். அன்றே மனநல டாக்டர் வந்து பார்த்தார், வீட்டாருக்கும் சொன்னோம். பிறகு மாத்திரை, வாராவாரம் பேச்சு. அவன் இப்போது நன்றாக இருக்கிறான் என்பதால்தான் இதை எழுதுகிறேன். இதைப் படிக்கும் யாருக்காவது அந்த எண்ணம் இருந்தால், அடுத்த கீமோ நாள்வரை வைத்திருக்காதீர்கள். இன்றே வார்டுக்கோ வீட்டில் ஒருவருக்கோ சொல்லுங்கள்.


மறுமொழி 4 (விதைப்பைப் புற்றுநோய், அப்போது 26)

சிஸ்டர் சொன்ன அந்த வாராவாரப் பேச்சு எனக்கும் உண்டு, தொலைபேசியில். எங்கே பேசுவது? வீட்டில் எல்லாரும் எல்லா நேரமும் இருந்தார்கள். ஆலோசகர் அழைக்கும் நேரத்தில் குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிடுவேன். கீமோவுக்கு முன் விந்தணுவைச் சேமிக்கலாமா என்று முடிவெடுக்க எனக்கு இரண்டே நாள் கொடுத்திருந்தார்கள். கல்யாணம் பேசிவைத்திருந்த பெண்ணிடம் அதை எப்படிச் சொல்வது என்பதைப் பக்கெட் நிறையும் சத்தத்துக்கு நடுவில்தான் பேசி முடித்தேன். எனக்கு வயிறு சரியில்லை என்று அம்மா நினைத்துக்கொண்டிருந்தார்.

தொற்று பரவியதால் என் ஸ்கேன் ஒன்றைத் தள்ளிவைத்தார்கள். அப்பாடா என்று இருந்தது. இரவில், உள்ளே எதுவோ வளர்ந்துகொண்டிருக்கிறது என்றும் இருந்தது. இரண்டும் ஒரே நாளில்.

சொல்லிவிட்டேன், அவளிடம். முதலில் கேட்டது, “அது என்ன தண்ணீர் சத்தம்?”


இழையைத் தொடங்கியவர்

எல்லாருடையதையும் படித்தேன். தங்கச்சி, தோழி கேட்ட அந்த “இன்னுமா?” எனக்கும் பழக்கம். 2023 மே 5 அன்று கொரோனா அவசரநிலை முடிந்ததாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தபோது என் சிகிச்சை முடிந்து ஏறக்குறைய 3 ஆண்டு ஆகியிருந்தது. வெப்பமானி தலையணைக்கு அடியில்தான் இருந்தது. இப்போதும் இருக்கிறது. ஒரு நாளைக்கு ஒரு தடவை, சில நாள் இல்லை. ஆலோசகர் ஒருவரைப் பார்க்கிறேன், நேரில்.

நேற்று இதையெல்லாம் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். நான் உள்ளே இருந்த அந்த நான்கைந்து மணி நேரமும் நீ வெளியே என்ன செய்தாய் என்று இத்தனை நாளில் முதல்முறையாகக் கேட்டேன். கட்டடத்தின் பின்பக்கம் போய், இரண்டாம் மாடியில் வலது கோடி ஜன்னலுக்கு நேர்கீழே நிற்பாளாம். “நீ அங்கேதானே இருந்தாய்? திரை அசைந்தால் உனக்கு மருந்து மாற்றுகிறார்கள் என்று தெரிந்துகொள்வேன்” என்றாள்.

கீமோ அறை முன்பக்கம். அந்த ஜன்னல் பழைய கோப்புகள் அடுக்கிவைத்திருக்கும் அறை. நான் ஆமாம் என்றேன்.