சத்தமில்லாத மீடியா + பேக்கப் சர்வர், கரண்ட் கம்மியா இழுக்கணும். எது வாங்கலாம்? (உதவி)

பொன்மலைவாசி
வணக்கம். வீட்டுல படம் பாக்கவும், போட்டோ வீடியோ பத்திரமா வைக்கவும் சின்ன சர்வர் ஒண்ணு ஓடுது. படம் ஓட ஆரம்பிச்சா ஃபேன் சத்தம் தாங்க முடியல, அம்மா ஹால்லதான் படுப்பாங்க. டிஸ்க்கும் அப்பப்ப காணாமப் போகுது, ரீஸ்டார்ட் பண்ணா வந்துடும். இதைத் தூக்கிட்டு வேற வாங்கிடலாம்னு இருக்கேன். 24 மணி நேரமும் ஓடணும், சத்தம் கூடாது, பில் ஏறக் கூடாது. தம்பி சென்னை போறான், ரிச்சி தெருவுல வாங்கிட்டு வரச் சொல்லணும். சீக்கிரம் சொல்லுங்க.

கீரனூர்க்காரன்
இப்ப ஓடுறது என்ன மெஷின்? டிஸ்க் எத்தனை டிபி, உள்ளயா யூஎஸ்பியா? டிவி என்ன? பட்ஜெட் எவ்வளவு? இதைச் சொன்னாதான் பதில் சொல்ல முடியும்.

நீலவானம்
யோசிக்காம இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசி வாங்குங்க. 4 கோர், 6 வாட் சிப். ஃபேனே இல்லாத மாடல் கிடைக்குது. ஏவி1ங்கற புது வீடியோ வகை வரைக்கும் ஹார்டுவேர்லயே டிகோட் பண்ணும். நான் வீட்டுல அதைத்தான் வெச்சிருக்கேன், ஓடுதான்னு தொட்டுப் பாத்துதான் தெரிஞ்சுக்கணும்.

டிஸ்க்வைத்தியர்
மெஷின் அப்புறம். டிஸ்க் காணாமப் போகுதுன்னா முதல்ல உள்ளே இருக்கறதை வேற இடத்துக்குக் காப்பி எடுங்க, இன்னிக்கே. அப்புறம் ஸ்மார்ட் அறிக்கை, அதாவது டிஸ்க் தன் உடம்பு நிலையைத் தானே குறிச்சு வெச்சிருக்கற பட்டியல், எடுத்துப் போடுங்க. 5, 197னு எண் போட்ட ரெண்டு வரியும் ஏறியிருந்தா டிஸ்க் தட்டு கெட்டுக்கிட்டிருக்குன்னு அர்த்தம். 199 மட்டும் ஏறியிருந்தா கேபிளைச் சந்தேகப்படுங்க.

பழையமரம்
தம்பி, இந்தக் கேள்விக்கு இங்க எத்தனையோ தடவை பதில் எழுதியாச்சு. தேடிப் படிச்சிட்டுக் கேக்கற பழக்கமே போயிடுச்சு. 24 மணி நேரம் ஓடுற சர்வருக்கு யூஎஸ்பி டிஸ்க் மாட்டுறது அடிப்படையே தெரியாதவங்க செய்யறது. உள்ளே மாட்டற சாட்டா டிஸ்க் ரெண்டு போட்டு மிரர் பண்ணுங்க, ஒண்ணுல எழுதறது இன்னொண்ணுலயும் அப்படியே விழும், ஒழுங்கான கேபினெட்ல வைங்க. மத்ததெல்லாம் விளையாட்டுச் சாமான்.

கீரனூர்க்காரன்
அவர் யூஎஸ்பின்னு இன்னும் சொல்லவே இல்லையே ஐயா.

வடமராட்சிப்பெடியன்
அண்ணை, உங்கட இடத்தில கரண்ட் நிண்டு நிண்டு வாறதோ? எனக்கும் இப்பிடித்தான் டிஸ்க் காணாமல் போறது. யூபிஎஸ் ஒண்டு போட்டாப் பிறகு சரி. ரௌட்டருக்கு வைக்கிற சின்ன 12 வோல்ட் யூபிஎஸ் எல்லாத்துக்கும் காணாது, அதையும் பாத்து வாங்குங்கோ.

பொன்மலைவாசி
மன்னிக்கணும், ஆபீஸ்ல இருந்து எழுதுனேன். ராஸ்பெர்ரி பை 5ங்கற கையடக்க கம்ப்யூட்டர், 8 ஜிபி. படத்தை டிவிக்கு அனுப்ப ஜெல்லிஃபின் சாஃப்ட்வேர் ஓடுது. 2.5 இன்ச் யூஎஸ்பி டிஸ்க் 4 டிபி. போட்டோ எல்லாம் அதுலயே ஒரு ஃபோல்டர்ல, அதான் பேக்கப். இன்வெர்ட்டர் இருக்கு. பட்ஜெட் 15,000.

கீரனூர்க்காரன்
பை 5க்கு என்ன சார்ஜர் போட்டிருக்கீங்க? டிவி என்னன்னு இன்னும் சொல்லல.

பொன்மலைவாசி
போன் சார்ஜர்தான், 33 வாட், பவர்ஃபுல்தான். டிவி 2019ல வாங்கின சாம்சங்.

கீரனூர்க்காரன்
அங்கதான் விஷயம் இருக்கு. 33 வாட்டுங்கறது 9 வோல்ட், 11 வோல்ட்னு ஏத்தித் தர்றப்பதான். பை 5 கேக்கறது 5 வோல்ட்ல 5 ஆம்பியர். போன் சார்ஜர் 5 வோல்ட்ல பெரும்பாலும் 3 ஆம்பியர்தான் தரும். 5 ஆம்பியர் கிடைக்கலைன்னா பை 5 தானாவே நாலு யூஎஸ்பி போர்ட்டுக்கும் சேத்து 600 மில்லி ஆம்பியர்ல நிறுத்திடும். கிடைச்சா 1.6 ஆம்பியர் வரைக்கும் விடும். 2.5 இன்ச் டிஸ்க் சுத்த ஆரம்பிக்கற நேரத்துல ஒரு ஆம்பியர் பக்கம் இழுக்கும். டிஸ்க் தூங்கி எழுந்திருக்கறப்பதானே காணாமப் போகுது? மெல்லிசா ஒரு டிக் சத்தம் வருதா?

பொன்மலைவாசி
ஆமா சார்! ராத்திரி டிக், கொஞ்ச நேரம் கழிச்சு இன்னொரு டிக். டிஸ்க் போச்சுன்னு பயந்தேன்.

நீலவானம்
கான்ஃபிக் கோப்புல ஒரு வரி சேத்தா அந்த 600 வரம்பு போயிடும். புது சார்ஜரே வேண்டாம்.

டிஸ்க்வைத்தியர்
வேண்டவே வேண்டாம். வரம்பைத் தூக்கினா சார்ஜருக்குப் புதுசா பலம் வந்துடாது. வோல்டேஜ் விழுந்து எழுதிக்கிட்டிருக்கறப்ப டிஸ்க் அறுந்தா ஃபைல் சிஸ்டம் கெடும், மெமரி கார்டும் கெடும். அவர் வெச்சிருக்கறது குடும்பப் போட்டோ. 27 வாட் சப்ளைன்னு பை 5க்குன்னே விக்கறாங்க, 5.1 வோல்ட் 5 ஆம்பியர். அதை வாங்கச் சொல்லுங்க.

கீரனூர்க்காரன்
வழிமொழியறேன். அடுத்து ஃபேன். படம் ஓடுறப்ப ஜெல்லிஃபின் டேஷ்போர்டைத் திறந்து பாருங்க, டிரான்ஸ்கோட்னு (டிவிக்கு ஏத்த மாதிரி சர்வர் படத்தை மாத்தி அனுப்புதுன்னு) இருந்தா காரணமும் அங்கேயே எழுதியிருக்கும். பை 5ல வீடியோ என்கோட் பண்ண ஹார்டுவேரே கிடையாது. பை 4ல இருந்ததை இதுல எடுத்துட்டாங்க. அதனால டிரான்ஸ்கோட் விழுந்தா நாலு கோரும் முழுசா எரியும், ஃபேன் கத்தும். ப்ளூ ரேல இருந்து எடுத்த படத்துல சப்டைட்டில் எழுத்தா இருக்காது, படமா இருக்கும். அதை டிவி ஏத்துக்கலைன்னா சர்வர் ஒவ்வொரு ஃப்ரேம்லயும் ஒட்டித்தான் அனுப்பணும். எழுத்தாவே இருக்கற எஸ்ஆர்டி சப்டைட்டில் கோப்பு வெச்சா அந்த வேலையே கிடையாது. 2018லேர்ந்து வந்த சாம்சங் டிவில டிடிஎஸ் ஆடியோவும் ஓடாது. ஆனா ஆடியோ மட்டும் மாத்தறது பைக்கு ஒரு பாரமே இல்ல.

பழையமரம்
இவ்வளவு சுத்தறதுக்கு ஒரு 8வது தலைமுறை ஐ5 பழைய மினி பிசி வாங்கினா முடிஞ்சுது. 10 பிட் ஹெச்இவிசி வீடியோ எல்லாம் ஹார்டுவேர்ல போகும். 6வது தலைமுறையை விலை கம்மின்னு தலையில கட்டுவாங்க, அதுல 10 பிட் முழுசா கிடையாது, வாங்காதீங்க. மிரரும் போடுங்க. மிரர் இல்லாத சர்வர் சர்வரே இல்ல.

காவிரிக்கரை
மிரர் பேக்கப் ஆகாதுங்க. எங்க மாமா வீட்டுல ரெண்டு டிஸ்க் மிரர்தான். போன்லேர்ந்து போட்டோ சிங்க் ஆகற மாதிரி வெச்சிருந்தாங்க. போன்ல இடம் பத்தலைன்னு பையன் கல்யாண ஆல்பத்தை அழிச்சான். சர்வர்லயும் அழிஞ்சுது, ரெண்டு டிஸ்க்லயும் ஒரே நேரத்துல. அத்தை அழுத அழுகையைப் பாத்தவ நான். அழிச்சதையும் சேத்து உடனே நகல் எடுக்கறதுதான் மிரரோட வேலை.

பழையமரம்
அது சிங்க்கை வெச்சவங்க தப்பு, மிரர் தப்பில்ல. 4 டிபியை நொடிக்கு 100 எம்பி வேகத்துல திருப்பிக் காப்பி பண்ண 11 மணி நேரம் ஆகும். மிரர் இருந்தா ஒரு டிஸ்க் செத்தாலும் படம் நிக்காது. அனுபவத்துல சொல்றேன்.

காவிரிக்கரை
படம் 11 மணி நேரம் நிக்கட்டுமே, யாருக்கு என்ன? போட்டோ போனா திரும்ப வராது. ஐப்பசி மழையில இடி இறங்கி போர்டு எரிஞ்சா, அதே பெட்டில இருக்கற ரெண்டு டிஸ்க்கும் சேந்துதான் போகும். ரெண்டாவது டிஸ்க்குக் காசு போடறதுன்னா அதைக் கழட்டி பீரோவுல வைங்க. வாரம் ஒரு தடவை மாட்டிக் காப்பி எடுங்க. இன்னொரு காப்பி ஊர்ல தங்கச்சி வீட்டுல இருக்கட்டும். மூணு நகல், ரெண்டு வகைச் சாதனம், ஒண்ணு வெளியூர்ல. போட்டோ எடுக்கறதே தொழிலா இருக்கறவங்க இதைத்தான் பிடிச்சுக்கிட்டு இருக்காங்க.

பழையமரம்
வாரா வாரம் மாட்டுவேன்னு சொல்றவங்க ஒரு மாசத்துல விட்டுடுவாங்க. தானா நடக்கறதுதான் நடக்கும்.

டிஸ்க்வைத்தியர்
தானா நடக்கறதும் வேணும், கழட்டி வெச்சதும் வேணும். ரெஸ்டிக் மாதிரி ஒரு பேக்கப் சாஃப்ட்வேர் போட்டு நேரம் குறிச்சு வெச்சா ராத்திரி தானா ஓடும், போன வாரம் அழிச்ச ஃபைலும் பழைய நகல்ல இருக்கும். ஆனா பொன்மலைவாசி, இப்ப உங்க போட்டோ அந்த ஒரு டிஸ்க்ல மட்டும்தான் இருக்குன்னா உங்களுக்குப் பேக்கப்பே இல்ல. போன்லயும் இருக்கா?

நீலவானம்
பில் பத்தி யாரும் சொல்லல. 10 வாட் 60 நாள் ஓடினா 14.4 யூனிட். பழைய டெஸ்க்டாப் ஒண்ணு 60 வாட்ல சும்மா நின்னா 86 யூனிட். ரெண்டு மாசத்துல 500 யூனிட் பக்கம் ஓடுற வீடா இருந்தா அந்த 86 சேந்து தாண்டிடும், அப்புறம் கட்டண விகிதமே மாறிடும். ஐ5க்கு 35 வாட்னு போட்டிருக்கறதைப் பாத்து பயப்பட வேண்டாம், சும்மா இருக்கறப்ப அவ்வளவு இழுக்காது. ஆனாலும் நான் என்100தான் சொல்வேன்.

வடமராட்சிப்பெடியன்
இன்வெர்ட்டரில யூபிஎஸ் மோட் எண்டு ஒரு சுவிட்ச் இருக்கும், அதில வைச்சிருக்கோ எண்டு பாருங்கோ அண்ணை. மற்ற மோட்டில மாறுற நேரம் கூட, சில நேரம் பை ரீஸ்டார்ட் ஆகும்.

பொன்மலைவாசி
27 வாட் சப்ளை வந்துடுச்சு, போட்டதுலேர்ந்து டிஸ்க் போகல, டிக் சத்தமும் இல்ல. எஸ்ஆர்டி வெச்சதும் ஃபேன் அமைதியாயிடுச்சு. மினி பிசி இப்ப வாங்கல, அந்தக் காசுல ரெண்டாவது டிஸ்க் சொல்லியாச்சு. எல்லாருக்கும் நன்றி.

டிஸ்க்வைத்தியர்
நல்லது. ஸ்மார்ட் அறிக்கை போடவே இல்லையே? புது டிஸ்க்ல காப்பி முடிஞ்சதும் அதை வேற கம்ப்யூட்டர்ல மாட்டி, பழைய ஃபோல்டர்லேர்ந்து நாலு வீடியோ திறந்து பாருங்க. திறந்து பாக்காத நகலை நம்ப முடியாது.

பாலக்கரை_22
எனக்கும் இதே மாதிரி டிஸ்க் காணாமப் போகுது, ஆனா பை 4. அந்த 27 வாட் சப்ளை வாங்கினா சரியாயிடுமா?

கீரனூர்க்காரன்
ஆகாது. பை 4ல எந்த சப்ளை போட்டாலும் யூஎஸ்பிக்கு மொத்தம் 1.2 ஆம்பியர்தான். தனியா கரண்ட் எடுக்கற ஹப் போடணும். புது இழை தொடங்குங்க. என்ன டிஸ்க், என்ன கேபிள், என்ன சார்ஜர், எப்ப காணாமப் போகுது, எல்லாத்தையும் முதல்லயே எழுதிடுங்க.