பழைய மாத நாவல்கள்: எதைப் படிக்கலாம், எப்படிப் பாதுகாக்கலாம்?

கேள்வி: கனமான நாவல்களுக்கு நடுவே பழைய கிரைம் மாத நாவல்களைத்தான் கை தேடுகிறது. நடைபாதைக் கடைப் பிரதிகளில் ஸ்டேப்ளர் பின் துருப்பிடித்து, தாள் பொடிகிறது. என்ன செய்யலாம்? அடுத்து யாரைப் படிக்கலாம்?

பதில் 1: பின்னைப் பிடுங்காதீர்கள், தாள் கிழியும். நடுப்பக்கத்தில் மடங்கியிருக்கும் கால்களை மொட்டைக் கத்தியால் நிமிர்த்தி, முதுகுப் பக்கமாக எடுங்கள். அதே துளைகளில் பருத்தி நூலால் தையுங்கள். செல்லோடேப் வேண்டவே வேண்டாம், பசை மஞ்சளாகி எழுத்தை மறைக்கும். வெயிலில் வைத்தால் நியூஸ்பிரிண்ட் (செய்தித்தாள் அச்சிடும் மலிவுத் தாள்) இன்னும் சீக்கிரம் முறுகும்.

பதில் 2: ராஜேஷ்குமார்தான்! அத்தியாயம் மாற்றி அத்தியாயம் இரண்டு கதை ஓடும், கடைசியில் ஒன்று சேரும். பாதியில் வைத்தால் பெயர்கள் குழம்பும், ஒரே மூச்சில் படியுங்கள். கலகலப்புக்குப் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத், சுசீலா துப்பறியும் ஜோடிக் கதைகள்.

பதில் 3: வாங்கும்போதே கடைசிப் பக்கத்தைப் பாருங்கள். நடுவில் பின் அடித்த புத்தகத்தில் வெளித்தாள் கழன்றால் முதல் பக்கமும் முடிவும் சேர்ந்தே போய்விடும்.