வீட்டில் சத்தமாக வாசிக்க, சிரிக்க வைக்கும் சரித்திர நாவல்கள் சொல்லுங்களேன்

வணக்கம் உறவுகளே, நாங்கள் திருகோணமலை, உவர்மலைப் பக்கம். இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒருவர் வாசிக்க மற்றவர்கள் கேட்பது எங்கள் வீட்டு வழக்கம். அம்மம்மாவும் இருப்பார், தரம் 4 படிக்கும் மகனும் இருப்பான், இருவருக்கும் சிரிப்பு வர வேண்டும்.

பொன்னியின் செல்வனில் ஆழ்வார்க்கடியான் கைத்தடியோடு சைவரிடமும் அத்வைதியிடமும் மல்லுக்கு நிற்கும் இடத்தை மூன்று குரலில் வாசித்தால், அம்மம்மா நல்ல சிவபக்தை, அவரே விழுந்து விழுந்து சிரிப்பார். ஆனால் ஐந்து பாகம். சதியாலோசனை தொடங்கினால் சின்னவன் தூங்கிவிடுகிறான்.

200 பக்கத்துக்குள், சின்னச் சின்ன அத்தியாயமாக, பேச்சு நிறைய உள்ளதாக வேண்டும். வர்ணனை அரைப்பக்கம் நீண்டாலே வாசிப்பவருக்கு மூச்சு வாங்குகிறது, கேட்பவருக்குக் கொட்டாவி. ராஜா கதைதான் வேண்டும் என்றில்லை. 1782இல் மட்டும் எங்கள் ஊர்க் கோட்டை ஒல்லாந்தரிடமிருந்து ஆங்கிலேயருக்கும், பிறகு பிரெஞ்சுக்காரருக்கும் கை மாறியதே, அந்த மாதிரிக் குழப்பத்தை ஒரு சமையல்காரன் பகிடியாகச் சொல்வது போல ஏதும் இருக்கிறதா? உருவத்தையும் சாதியையும் கேலி செய்கிற புத்தகம் வேண்டவே வேண்டாம். மொழிபெயர்ப்பு என்றாலும் சரி. யாழ்ப்பாணத்திலோ கொழும்பிலோ எந்தக் கடையில் கிடைக்கும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.