ஊதாவாக மாறிய எல்இடி தெருவிளக்கை ஸ்மார்ட் கட்டுப்பாட்டு அமைப்பு ஏன் பழுதாகக் காட்டவில்லை?

கேள்வி: சாலைவிளக்கு

வணக்கம். நான் பராமரிக்கும் சாலையில் சோடியம் ஆவி விளக்குகளை அகற்றிவிட்டு 4000 கெல்வின் (வெள்ளை ஒளியின் நிறச்சாயலைக் குறிக்கும் அளவு; எண் குறையக் குறைய நீலம் குறையும்) எல்இடி விளக்குகளைப் பொருத்தி, ஒவ்வொன்றின் மேலும் விளக்கை இயக்கிக் கண்காணிக்கும் ஒரு கண்ட்ரோலரை மாட்டியிருக்கிறோம். அண்மையில் அடுத்தடுத்த சில கம்பங்களில் வெளிச்சம் நீலமும் ஊதாவும் கலந்ததாக மாறிவிட்டது. கீழே நிற்பவரின் சட்டை நிறம்கூடச் சரியாகத் தெரிவதில்லை. ஆனால் கட்டுப்பாட்டு அறையின் திரையில் அந்தக் கம்பங்கள் யாவும் பச்சைப் புள்ளிகளாக, நல்ல நிலையில் இருப்பதாகவே காட்டப்படுகின்றன. நிறம் மாறக் காரணம் என்ன? இவ்வளவு செலவு செய்து அமைத்த கட்டுப்பாட்டு அமைப்பு அதை ஏன் கண்டுகொள்ளவில்லை?

பதில்: ஒளிச்சில்லு

தெருவிளக்குகளில் உள்ள வெள்ளை எல்இடியின் சில்லு உண்மையில் வெள்ளை ஒளியைத் தருவதில்லை. காலியம் நைட்ரைடு சார்ந்த அந்தச் சில்லு சுமார் 450 நானோமீட்டர் அலைநீளமுள்ள நீல ஒளியைத் தருகிறது. அதன் மேலுள்ள பாஸ்பர் படலம், அதாவது ஒளியை உள்வாங்கி வேறு நிறத்தில் வெளிவிடும் பொருளின் பூச்சு, அந்த நீலத்தின் பெரும்பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து நம் கண்ணுக்கு வெள்ளையாகத் தெரிகிறது. அகசாகி, அமானோ, நகமுரா ஆகிய மூவருக்கும் 2014ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது இந்த நீல எல்இடிக்காகத்தான். வெப்பத்தாலோ தயாரிப்புக் குறையாலோ பாஸ்பர் படலம் சில்லிலிருந்து உரிந்து விலகும்போது, மாற்றப்படாத நீலம் நேரடியாக வெளியே வருகிறது. அமெரிக்காவிலும் கனடாவிலும் பல நகரங்களில் இதே கோளாறு தோன்றியிருக்கிறது. உங்களுக்கு அடுத்தடுத்த கம்பங்களில் வந்திருப்பதால், அவை ஒரே தயாரிப்புத் தொகுதியைச் சேர்ந்தவையா என்று முதலில் பாருங்கள்.

பதில்: மின்கணக்கு

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். கண்ட்ரோலர் அளப்பது மின்னழுத்தம், மின்னோட்டம், மின்திறன், எரிந்த மணிநேரம் ஆகியவற்றைத்தான். ஒளியை அது அளப்பதே இல்லை. பாஸ்பர் உரிந்தாலும் டிரைவர் (சில்லுக்கு மின்னோட்டம் தரும் மின்சுற்று) அதே மின்னோட்டத்தைத் தொடர்ந்து செலுத்துவதால், மின்கணக்கின்படி அந்த விளக்கில் எந்தக் குறையும் இல்லை. கண்ட்ரோலரின் தலையிலுள்ள ஒளி உணரியும் அந்தி சாய்ந்ததா, விடிந்ததா என்று வானத்தைப் பார்ப்பதற்கானதே தவிர, சாலையைப் பார்ப்பதற்கானது அன்று. விற்பவர்கள் இதைத் தாமாகச் சொல்லமாட்டார்கள்.

இழப்போ சிறிதன்று. பகல் பார்வையில் நம் கண் 555 நானோமீட்டர் பச்சையை மிக நன்றாக உணர்கிறது. 450 நானோமீட்டர் நீலத்தை உணரும் திறன் அதில் நூற்றுக்கு நான்கு பங்கு அளவே. ஆகவே வாட் சற்றும் குறையாமல், நம் கண் உணரும் ஒளியின் அளவான லூமென் மட்டும் பெருமளவு விழுந்துவிடும்.

கேள்வி கேட்டவர்: சாலைவிளக்கு

மிக்க நன்றி. எங்கள் டிரைவரில் ஒளியளவை நிலையாக வைத்திருக்கும் வசதி இருப்பதாக ஆவணத்தில் உள்ளது. அது இந்த இழப்பை ஈடுசெய்யாதா?

பதில்: மின்கணக்கு

செய்யாது, ஐயா. எத்தனை மணிநேரம் எரிந்தால் ஒளி எவ்வளவு மங்கும் என்ற கணிப்பை முன்கூட்டியே டிரைவரில் பதிந்துவைத்து, அதன்படி மின்னோட்டத்தைச் சிறிது சிறிதாக உயர்த்துவதே அந்த வசதி. உண்மையில் வரும் ஒளியை அதுவும் பார்ப்பதில்லை. சொல்லப்போனால், உயரும் மின்னோட்டம் சில்லின் சூட்டைக் கூட்டி உரிதலை விரைவுபடுத்தவும் கூடும். நள்ளிரவுக்குப் பிறகு ஒளியைப் பாதியாகக் குறைக்கும் அட்டவணை வைத்திருந்தால், அந்தக் கம்பங்களில் ஒளி ஏற்கெனவே குறைந்துவிட்டதால், அவற்றுக்கு மட்டும் உடனே அதை நீக்கிவிடுங்கள்.

பதில்: இரவுக்கண்

ஒவ்வொரு கம்பத்திலும் கீழ்நோக்கிய ஒளி உணரி வைக்க வேண்டும் என்று சிலர் சொல்லக்கூடும். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. அந்த உணரியின் மீதும் தூசு படியும், அதுவும் பழுதாகும். இரவில் வாகனத்தில் ஒருமுறை சென்று வந்தாலே ஊதா விளக்குகளைக் கண்ணால் பிரித்தறிந்துவிடலாம். ஆனால் வெளிச்சத்தை அளக்கும் லக்ஸ் மீட்டரைக் கொண்டு அளப்பதாக இருந்தால் கவனம் தேவை: மலிவான கருவிகள் நீல ஒளியில் பெரிதும் பிழையான அளவைக் காட்டும்.

உத்தரவாதப் பத்திரத்தையும் எடுத்துப் பாருங்கள். விளக்கு எரியாமல் போவதையும், ஒளி தொடக்க அளவில் 70 விழுக்காட்டுக்குக் கீழே இறங்குவதையும் மட்டும் குறிப்பிட்டு, நிற மாற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் இல்லாத பத்திரங்கள் உண்டு. அப்படி இருந்தால், லூமென் இழப்பை முறையாக அளந்து அதன் அடிப்படையில் மாற்று விளக்கு கேளுங்கள். நிறத்தை மட்டும் சொன்னால் தட்டிக்கழிக்க வழி உண்டு. புதிய கொள்முதலில் நிற மாற்றத்திற்கான வரம்பையும் எழுதிச் சேர்த்துவிடுங்கள்.

மாற்றும்போது 3000 கெல்வின் அல்லது அதற்கும் குறைவானதைக் கேட்கலாம். அமெரிக்க மருத்துவச் சங்கம் 2016இல் தெருவிளக்குகளுக்கு அந்த அளவையே பரிந்துரைத்தது. ஆனால் அதிலும் நீலச் சில்லும் பாஸ்பரும்தான் இருக்கின்றன என்பதால், தயாரிப்புத் தொகுதி எண்ணை ஒவ்வொரு கம்பத்தின் பதிவிலும் சேர்த்து வையுங்கள்.