நியூரல் பெருக்கியில் ரெசிஸ்டர் இடத்தில் டிரான்சிஸ்டர் ஏன்?

கோத்தகிரி மாணவி:
வணக்கம். கோவையில் இ.சி.இ கடைசி வருஷம். யூட்டா பல்கலைப் பேராசிரியராக இருந்த ரீட் ஹாரிசன் 2003-ல் வெளியிட்ட நியூரல் பெருக்கிதான் என் செமினார். மூளை எலக்ட்ரோடு தரும் சிக்னலை 100 மடங்காக்குது. சொந்த நாய்ஸ் 2.2 மைக்ரோவோல்ட், செலவு 80 மைக்ரோவாட் மட்டும். ஃபீட்பேக்கில் (வெளியீட்டைத் திரும்ப உள்ளே கொண்டுவரும் பாதையில்) 0.2 பிகோஃபாரட் கெபாசிட்டர் பக்கத்தில் ரெசிஸ்டருக்குப் பதில் டிரான்சிஸ்டர் போட்டிருக்கார். அது ஏன்னு புரியலை.

லீவுக்கு வீட்டுக்கு வந்து, முன்கையில் மூணு ஈசிஜி எலக்ட்ரோடு ஒட்டி, ஏடி620-ங்கிற பெருக்கி ஐசி வெச்சுத் தசை சிக்னல் பார்க்கிறேன். திரை முழுக்க கரண்ட் லைனோட 50 ஹெர்ட்ஸ் இரைச்சல்தான். நேத்து மழையில் கரண்ட் போச்சு. லேப்டாப் பேட்டரியில் ஓடுது, இரைச்சல் அப்படியே அடங்கிருச்சு! விரலை மடக்க மடக்க, அலை கொத்துக் கொத்தா எழும்புச்சு. மெழுகுவர்த்தியோட வந்த அம்மா, "இது உன் கையா?"ன்னு கேட்டாங்க.

குன்னூர்க்காரன்:
எலக்ட்ரோடு திசுவைத் தொடும் இடத்தில் டிசி வோல்டேஜ் உண்டாகும். நரம்பு செல்லுக்கு வெளியிலிருந்து எடுக்கிற துடிப்போ பெரும்பாலும் 500 மைக்ரோவோல்ட்டுக்குள்ளதான்; டிசி அதைவிடப் பல மடங்கு. அதனால கெபாசிட்டர் வெச்சு டிசியை மறிக்கணும். ஆனா மூளையோட மெதுவான அலைகளும் வேணும், 1 ஹெர்ட்ஸுக்கும் கீழே போகணும். கெபாசிட்டர் சின்னதா இருந்தா, அதுக்குப் பக்கத்து ரெசிஸ்டர் ரொம்பப் பெரிசா இருக்கணும். 0.2 பிகோஃபாரடுக்கு 1 ஹெர்ட்ஸ் கணக்குப் போட்டுப் பாருங்க: ஏறக்குறைய 80,000 கோடி ஓம்! சிப்பில் அவ்வளவு ரெசிஸ்டருக்கு இடம் ஏது? கிட்டத்தட்ட அணைஞ்ச நிலையில் இருக்கிற டிரான்சிஸ்டர், துளி இடத்தில் அதைக் கொடுத்துரும். வோல்டேஜ் ஏறினா அந்த ஓம் சரிஞ்சுரும். பெரிய சிக்னலில் அலை கோணும். செமினாரில் இதைக் கட்டாயம் கேட்பாங்க.

முத்தோரை ஓய்வு:
அம்மாடி, நான் ஊட்டி ரேடியோ டெலஸ்கோப்பில் வேலை பார்த்தவன். 530 மீட்டர் நீளம், 1056 டைப்போல் (சின்ன ஆன்டெனா). ஒவ்வொரு டைப்போலுக்குப் பின்னாலும் ஒரு பெருக்கி; சிக்னல் கேபிளில் தேயறதுக்கு முன்னாடியே தூக்கிவிடணும். முதல் பெருக்கி சேர்க்கிற நாய்ஸை அப்புறம் யாராலும் எடுக்க முடியாது. ஹாரிசன் செய்ததும் அதுதான், ஆனா எங்களுக்கு இல்லாத கட்டுப்பாடு அவருக்கு: சூடு. 100 சேனலுக்கு, அதாவது 100 பெருக்கிக்கு, 8 மில்லிவாட். சிப் சுட்டா பக்கத்துத் திசு செத்துப்போகும்.

சார்ஜர் செருகின லேப்டாப்போட உடம்பை இணைக்காதே கண்ணு. பேட்டரியிலேயே ஓட்டு. ஒயர்களை முறுக்கிவிட்டு, சுவரை விட்டுத் தள்ளி உட்கார். கரண்ட் இருக்கும்போதே இரைச்சல் பாதியாவது குறையும்.

கோத்தகிரி மாணவி:
ரொம்ப நன்றி ஐயா, நன்றி அண்ணா. சார்ஜரைக் கழற்றிட்டேன். ஒயரை முறுக்கி, மேஜையை நடு ரூமுக்கு இழுத்துட்டேன். கரண்ட் இருக்கு, சுண்டுவிரல் அசைவு தெரியுது.