பாஸ்கா திருவிழிப்பு வாசகங்கள்: யோசனை சொல்லுங்களேன்

எல்லாருக்கும் வணக்கம். பங்கில் இந்த முறை பாஸ்கா திருவிழிப்புக்கு (ஈஸ்டருக்கு முந்தைய இரவு வழிபாடு) விவிலியம் வாசிக்கும் வாசகர்களைத் தயார்படுத்தும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. பழைய ஏற்பாட்டு வாசகங்கள் மொத்தம் 7. குறைத்தால்கூட 3 வேண்டும், அதில் செங்கடலைக் கடப்பதைச் சொல்லும் விடுதலைப் பயணம் நூலின் 14-ஆம் அதிகார வாசகத்தை விடவே கூடாது. பங்குத்தந்தை ஏழையும் வைக்கலாம் என்கிறார். எனக்கும் அதுதான் ஆசை. ஆனால் மெழுகுதிரியோடு நின்றவர்கள் உட்கார்ந்ததும், இரண்டாம் வாசகத்தில் ஆபிரகாம் மலையேறுவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிடுகிறார்கள், பெரியவர்களும்தான்!

ஏழையும் வாசித்த பங்குகள் இருக்கிறதா? இரண்டு இடங்களில், வாசகத்துக்குப் பின் பாடும் பதிலுரைப் பாடலுக்குப் பதில் மௌனம் வைத்தால் எடுபடுமா? அப்புறம், நீளமான படைப்பு வாசகத்தை முதியவருக்குக் கொடுப்பதா, இளைஞருக்கா? தவக்காலம் முடிவதற்குள் ஒத்திகை தொடங்க வேண்டும், சீக்கிரம் சொல்லுங்கள்.